காடும் கட்டிலும்

தேசத்தின் காடுகளைக் காக்கவேண்டும் என்று ஒரு குரல் எழுகிறது. தேசத்தின் மரச்சாமான் தொழிலைப் பெருக்கவேண்டும் என்று மற்றொரு குரல் எழுகிறது. இரண்டும் நியாயமான குரல்களே. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தூத்துக்குடியில், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமையவிருக்கும் சர்வதேச மரச்சாமான் பூங்காவுக்கு முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு செப்டம்பர் மாதம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை மூன்றிலொரு பங்காக உயர்த்தும் பொருட்டுப் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பெற்றது. ஒரு கையால் மரம் நடுவோம், மறு கையால் மரத்தை இழைத்து விற்போம் என்கிறது சர்க்கார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா, பொருதுமா என்பது ஒரே ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்திருக்கிறது. இழைக்கப்படும் அந்த மரம் எங்கிருந்து வரும்?

மரம் வருவதற்கு மூன்று வழிகளே உண்டு. மலையிலிருந்து வரலாம், கப்பலிலிருந்து வரலாம், குடியானவனுடைய வயல் வரப்பிலிருந்து வரலாம். முதல் வழி அடைபட்டது, அடைபட்டே இருக்கவேண்டும். இரண்டாவது வழி இன்று அகலத் திறந்து கிடக்கிறது. அது நிலையான வழியன்று. மூன்றாவது வழியே நமது வழி. அந்த வழியில்தான் முள்ளும் கல்லும் மிகுதியாகக் கிடக்கின்றன. அவற்றை அகற்றாமல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டுவது, ஊற்றைத் தோண்டாமல் தொட்டி கட்டுவதை ஒக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த விஷயத்தை நம் கண்ணெதிரே உள்ள ஓரூரை வைத்தே ஆராய்வோம். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பெருஞ்சாலையில் யானைமலையின் அடியில் உள்ளது ஒத்தக்கடை. ஒற்றைக் கடையையே தன் பெயராகக் கொண்ட அவ்வூரை அடுத்து 1965ஆம் ஆண்டில் வேளாண்மைக் கல்லூரி தோன்றியது. 2004ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் கிளையும் வந்தது. இன்று அது நகரத்தோடு நகரமாய் வளர்ந்துவிட்டது. வீடுகள் பெருகுகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையும் கதவும் ஜன்னலும் வேண்டும். கட்டிலும் அலமாரியும் மேசையும் வேண்டும். பெண்ணுக்குச் சீர்வரிசை அனுப்புவதென்றால் கட்டிலும் பீரோவும் ஏற்றாமல் வண்டி புறப்படுவதில்லை. தச்சனுக்கு வேலை இருக்கவேண்டிய காலம் இதுவே. ஆயினும் அவன் கைக்கு மரம் எங்கே? யானைமலை மொட்டைப் பாறை. அப்பால் உள்ள அழகர்மலையோ ஒதுக்குக் காடு. அங்கே கோடரிக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

ஏன் கூடாது என்பதை இந்தப் பிரதேசத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மேலூர்ச் சீமையின் நெல் எந்த நீரால் விளைகிறது? 1895ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகையில் விழுந்து, பேரணையில் பிரிந்து, பெரியாற்றுப் பிரதானக் கால்வாயால் இவ்வயல்களை அடைகிறது. அந்த நீரைத் தேக்கி வைப்பது அணை. அதனை அணைக்கு அனுப்புவது காடு. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகைக்கும் இதுவே விதி. காட்டின் மண் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. மரம் போனால் மண் போகிறது. மண் போனால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வெறும் மணலுமே மிஞ்சும். மலையினின்று அரித்து வந்த மண் வைகை அணையில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்திருப்பது யாவரும் அறிந்ததே. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமாக்கப்பட்டபோது, புலிக்கு மட்டும் அரண் அமைந்ததாக எண்ணியவர்கள் பலர். வைகைக்கும் அதுவே அரண் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே, மலைக் காட்டு மரத்தை வெட்டிக் கட்டில் செய்பவன், தன் வயலின் தண்ணீரை விற்றுக் கட்டில் வாங்குகிறான் என்றே கொள்ளவேண்டும்.

இந்த உண்மையை அந்நிய ஆட்சி அறியாமலில்லை, அறிந்தும் பொருட்படுத்தவில்லை. மலையாளத்துத் தேக்கின் பெருமையை முதலில் கண்டவர்கள் கப்பல் கட்டுவோர். பம்பாய்த் துறையில் 1817ஆம் ஆண்டில் நமது தேக்கால் கட்டப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் திரிகோணமலை. கண்ட காட்டையெல்லாம் வெட்டித் தீர்த்த பிறகே நடவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1840களில் மலையாள ஜில்லாக் கலெக்டர் கனோலியின் ஏற்பாட்டில், சாத்து மேனன் என்ற நமது நாட்டவரின் முயற்சியால் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தோன்றியது. பிறகு இரயில் வந்தது. தண்டவாளத்தின் அடியில் இடும் கட்டைகளுக்காகக் காடு காடாக மரங்கள் சாய்ந்தன. 1865ஆம் ஆண்டிலும் 1878ஆம் ஆண்டிலும் இந்தியாவுக்கென்று வனச் சட்டங்கள் பிறந்தன. 1882ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்ந்தவன் சுள்ளி பொறுக்கினால் குற்றவாளியானான். சர்க்கார் மரத்தை ஏலம் போட்டால் அது வருமானம் எனப்பட்டது.

சுயராஜ்யம் வந்த பிறகாவது இந்த மனப்பான்மை உடனே மாறியதா? மாறவில்லை என்பதை வருத்தத்துடன் கூறவேண்டியிருக்கிறது. 1952ஆம் ஆண்டு வனக் கொள்கை, நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்கு காடாக இருக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால் நடைமுறையில் காகித ஆலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் காட்டு மூங்கிலும் மரமும் மிகச் சொற்ப விலைக்கு ஆண்டாண்டாய்க் கொடுக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னரே போக்கு திரும்பிற்று. 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, காடு வருமானத்துக்கு உரியதன்று, நாட்டின் நிலத்தையும் நீரையும் காப்பதற்கு உரியது என்று தெளிவாக வரையறுத்தது. தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தைக் குடியானவர்களோடு நேரே உறவுகொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அக்கொள்கை கூறிற்று. அந்த வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டுகிறோம். நாம் இன்று எழுதுவதற்கெல்லாம் அதுவே ஆதாரம்.

இறுதிக் கட்டையை அடித்தது சுப்ரீம் கோர்ட்டு. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு பொறாத நிலம்பூர்க் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி கோர்ட்டார் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். அங்கீகரிக்கப்பட்ட காரியத் திட்டமின்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது; காடுகளுக்குள் மத்திய சர்க்காரின் அனுமதியின்றி நடக்கும் மர அறுவை ஆலைகள் நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். அன்றோடு காட்டு மரத்தை நம்பிய தொழிலின் காலம் முடிந்தது. காட்டை விட்டுவிடுக என்று சட்டம் சொல்லிற்று. அது தக்கதே. ஆனால் வேறு எங்கே செல்வது என்று தச்சனுக்குச் சொல்வார் இல்லை. 1988ஆம் ஆண்டுக் கொள்கையின் வாக்கியம் காகிதத்திலேயே தங்கிற்று.

வழி அறியாதவன் கடற்கரைக்குப் போனான். கடல் கடந்த மரம் நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் நிலைகளும் பர்மாத் தேக்கு. அங்கே நின்ற மரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையை வெட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவைத்து, யானையால் இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொணர்ந்தார்கள். அவ்வளவு பொறுமையுடன் பக்குவம் செய்த மரமாதலால் அது இன்றும் நிற்கிறது. ஆனால் பர்மாவும் தன் காடு தேய்வதைக் கண்டு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் உருட்டுக் கட்டைகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. உடனே நமது வியாபாரிகள் எக்குவடார், பனாமா, பிரேசில், கானா முதலிய தேசங்களை நாடினார்கள். கூர்ச்சரத்தின் காந்தளா துறையிலும் நமது தூத்துக்குடித் துறையிலும் அந்நியக் கட்டைகள் மலைபோல் இறங்குகின்றன.

தூத்துக்குடி என்ற பெயரைச் சொல்லும்போது தமிழன் நெஞ்சில் எழுவது யார் உருவம்? 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, அதற்காகச் சிறையில் செக்கிழுத்த சிதம்பரம் பிள்ளையின் உருவமன்றோ! 2011ஆம் ஆண்டில் அத்துறைமுகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அவர் பெயர் தாங்கிய துறையில் ஒரு நாற்காலிக்கு வேண்டிய பலகைகூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இறங்குவது நமக்குப் பெருமையா? அந்நியப் பொருள் என்ற காரணத்துக்காகவே அதனை நாம் வெறுக்கவில்லை. மரத்துக்காக நாம் அனுப்பும் பணத்தையும் விளையாமல் கிடக்கும் நமது தரிசு நிலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் வெட்கம் உண்டாகிறது. அன்றியும், இன்று கட்டை அனுப்பும் தேசம் நாளை பர்மாவைப் போல் கதவடைத்தால் தூத்துக்குடிப் பூங்காவின் யந்திரங்கள் எதை அறுக்கும்? நமது காட்டைக் காத்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, மற்றோர் ஏழை தேசத்தின் காட்டைத் தின்பதும் தர்மமாகாது.

நிற்க. நமது நிலத்தில் மரமே இல்லையா? 2023ஆம் ஆண்டுக்குரிய இந்திய வன நிலை அறிக்கையைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. காடுகளுக்கு வெளியே, வரப்பிலும் தோப்பிலும் சாலையோரத்திலும் வளரும் மரங்களிலிருந்து ஆண்டுதோறும் 9 கோடி கன மீட்டருக்கு மேல் தொழிலுக்கு ஏற்ற மரம் கிடைக்கக்கூடும் என்று அது மதிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் வனத்துறையின் கணக்கில் உள்ள காடு நிலப்பரப்பில் நூற்றுக்கு 17.6 பங்குதான். எஞ்சிய நிலத்தில்தான் குடியானவன் இருக்கிறான். தரிசும் மானாவாரியும் இருக்கின்றன. வேம்பும் வாகையும் பூவரசும் மாவும் பலாவும் நிற்கின்றன. தேச முழுவதும் இன்று சந்தைக்கு வரும் உள்நாட்டு மரத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குடியானவர் மரமே.

இது கனவன்று என்பதற்கு இரண்டு ஊர்கள் சாட்சி. அரியானாவில் யமுனாநகர் என்ற ஊர் ஒட்டுப் பலகைத் தொழிலுக்குப் பேர்போனது. அவ்வூர் ஆலைகளுக்கு உணவு இமயமலைக் காடன்று; சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் கோதுமைக்கும் கரும்புக்கும் இடையே வரிசையாக நட்டு வளர்க்கும் பாப்லார் மரமும் தைலமரமுமே. கேரளத்தில் பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர்த் தோட்டங்களில் பால் வற்றிய மரங்களைக் கொண்டு நடக்கின்றன. மலேயா தேசத்துக்குப் போனவர் அறிவர்: இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை முன்னெல்லாம் அடுப்பில் எரித்தார்கள். வண்டு துளைக்கும், பூஞ்சை பிடிக்கும் என்று எவரும் தொடமாட்டார்கள். அறுத்த உடனே மருந்தூட்டி உலர்த்தும் முறையைக் கற்றுக்கொண்டபின், அந்த விறகே அத்தேசத்தின் மரச்சாமான் ஏற்றுமதிக்கு முதுகெலும்பாயிற்று. வியட்நாம் தேசம் தன் இயற்கைக் காடுகளில் வெட்டுவதை 2016ஆம் ஆண்டு முதல் கண்டிப்பாக அடைத்துவிட்டு, சிறு குடியானவர்கள் நடும் வேலமர இனங்களைத் தொழிலுக்குத் துணையாகக் கொண்டது. இன்று மரப்பொருள் ஏற்றுமதியில் அது ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஈட்டுகிறது. அந்தத் தேசமும் வெளிநாட்டு மரத்தை வாங்கத்தான் செய்கிறது. ஆயினும் சொந்த நிலத்தில் ஊன்றிய கால் ஒன்று அதற்கு உண்டு. நமக்கு அதுவும் இல்லை.

நமது குடியானவன் ஏன் மரம் நடுவதில்லை? சோம்பல் என்று பட்டணத்தில் இருந்துகொண்டு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு கதைகளைக் கேட்கவேண்டும். மூங்கில் ஒரு புல். தாவர நூலார் அனைவரும் ஒப்பியது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமோ அதனை மரம் என்றது. ஆகவே தன் கொல்லையில் தான் வளர்த்த மூங்கிலை வெட்டிக் கொண்டு செல்லவும் சீட்டுக் கேட்டு நிற்கவேண்டியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமன்று என்று சட்டத்தைத் திருத்தியது 2017ஆம் ஆண்டில். ஒரு புல்லைப் புல் என்று ஒப்ப நமக்குத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன! மற்றொரு கதை சந்தனத்துடையது. பட்டா நிலத்தில் முளைத்த சந்தனம் தனக்கு உரிமையாகாது, அதனால் வரும் தொல்லை மட்டுமே தனக்கு உரியது என்று கண்ட குடியானவன், கன்றைக் கண்ட இடத்தில் பிடுங்கி எறிந்தான். 2002ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பெற்று உரிமை அவனுக்கு வந்தபின்னரே நடுவோர் தோன்றினர். அவனுடைய மனத்தைக் கெடுத்தது சோம்பலன்று, சட்டம்.

இன்று நிலைமை முன்னிலும் சற்றே நன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2014ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வேளாண் காடுகளுக்கென்று தேசியக் கொள்கை வகுத்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தேச முழுவதற்கும் ஒரே கடவுச் சீட்டு முறையைத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு ஜூனில் விளைநிலத்து மரங்களை வெட்டுவதற்கு மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. நமது மாநிலத்தில் மரப் போக்குவரத்துக்கு 1968ஆம் ஆண்டில் விதிகள் ஏற்பட்டன. காலப்போக்கில் பல மரங்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. ஆயினும் எந்த மரத்துக்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம், யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதெல்லாம் சாதாரணக் குடியானவனுக்கு இன்றும் புதிராகவே இருக்கின்றன. அந்தப் புதிரை அறிந்தவர் மர வியாபாரி. ஆகவே நின்ற மரத்தைக் கண்மதிப்பாக அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருட்டுக் கட்டையின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி காண்பது வியாபார வழக்கு. இக்கணக்கின்படி உண்மையில் 100 கன அடியுள்ள கட்டை 78 கன அடியாகவே காணும். அறுக்கையில் சேதம் உண்டு, அதற்காக இக்கழிவு என்பார்கள். வியாபாரிகளுக்குள் இது தெரிந்த வழக்காதலால் தீங்கில்லை. ஆனால் விற்பவனுக்குத் தெரியாமல், வாங்குபவனுக்கு மட்டும் தெரிந்த அளவு நியாயமான அளவாகுமா? நெல்லுக்கும் பருத்திக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்படுத்திய சர்க்கார், இருபது ஆண்டு காத்திருந்து வளர்த்த மரத்துக்கு ஒரு தராசு ஏற்படுத்தலாகாதா?

அடுத்து, தச்சன் பக்கம் வருவோம். குடியானவர் மரம் நல்ல மரமன்று, முறுக்கும், வெடிக்கும், உளுத்துவிடும் என்று அவன் குறை கூறுகிறான். அவன் கூறுவதில் உண்மை உண்டு. பச்சை மரத்தில் நீர் மிகுதி. அதனை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குக் குறைத்த பின்னரே இழைக்கவேண்டும். அடுக்கி நிழலில் காயவைத்தால் மாதக்கணக்காகும். உலர்த்தும் சூளையில் வைத்தால் நாட்கணக்கில் முடியும். மாமரம், ரப்பர் மரம் முதலிய வைரம் பாயாத மரங்களுக்கு மருந்தூட்டவும் வேண்டும். நாட்கூலிபோல் வாழும் சிறு பட்டறைக்காரன் மாதக்கணக்கில் மரத்தை முடக்கி வைக்க முதலுக்கு எங்கே போவான்? சொந்தச் சூளை வைப்பது அவனால் ஆகுமா? ஆகவே ஈரத்தோடு இழைக்கிறான். கோடையில் கதவு வெடிக்கிறது. வாங்கியவர் அடுத்த முறை மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைச் சாமானை வாங்குகிறார். அதில் தண்ணீர் பட்டால் உப்புகிறது. கழன்ற திருகாணி மறுபடி பிடிப்பதில்லை. பழுது பார்க்க வழியின்றிக் குப்பைக்குப் போகிறது. பாட்டன் காலத்துக் கட்டிலில் பேரன் படுத்த வழக்கம் இவ்வாறு ஒழிகிறது. அதனோடு இழைப்புளியும் உளியும் பிடித்த கைகளின் திறமையும் ஒழிகிறது. நமது கோயில் தேர்களை இலுப்பையிலும் தேக்கிலும் சமைத்த மரபு இது என்பதை எண்ணும்போது, இந்நஷ்டத்தைப் பணத்தால் மட்டும் கணக்கிட இயலவில்லை.

நாம் கூறும் வழிக்கு மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். குடியானவன் மரத்துக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால், அதன் போர்வையில் காட்டு மரம் திருட்டுப் போகும் என்பது முதலாவது. இந்த அச்சம் வீண் அச்சமன்று. மலைநாட்டுத் தனியார் நிலங்களில் நின்ற ஈட்டி மரங்களைக் காக்கவே 1994ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் காலம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடிந்தது. முளைத்துப் பெருக நூறாண்டு வேண்டும் அத்தகைய மரங்களுக்குக் காவல் அவசியம். ஆகவே மலைத் தாலுகாக்களில் கண்டிப்பும், சமவெளியில் சுதந்தரமும் இருக்கவேண்டும் என்பதே நமது கொள்கை. நடும்போதே கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கலில் மரத்தைப் பதிந்துவிட்டால், வெட்டும்போது அதுவே சாட்சி. திருடனைப் பிடிக்க வீட்டுக்காரனைக் கட்டிப்போடுவது நிர்வாகமாகாது.

நெல் விளையும் நிலமெல்லாம் மரக்காடாகிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். நஞ்சையைத் தொடவேண்டும் என்று நாம் கூறவில்லை. வரப்பும் மானாவாரியும் தரிசும் போதும். தைலமரத்தையே எங்கும் நட்டு நிலத்தடி நீரை வற்றச் செய்யும் பிழையும் வேண்டாம். எரிபொருளுக்காகக் கொணர்ந்து பரப்பிய சீமைக் கருவேலம் தெற்கத்திச் சீமையை எப்படி மூடிற்று, 2017ஆம் ஆண்டில் ஒத்தக்கடையை அடுத்த உயர்நீதிமன்றக் கிளையிலேயே அதனை வேரறுக்க எத்தனை வழக்காடவேண்டியிருந்தது என்பதை இந்த ஜில்லாவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே மரத்தை நம்பிய நாடு ஒரே நோயில் சாகும். நமது மண்ணறிந்த பல மரங்களைக் கலந்து நடுவதே விவேகம்.

மரம் நடு, லட்சாதிபதியாவாய் என்று சொல்லி மக்களை ஏமாற்றியவர்கள் முன்பும் உண்டே என்பது மூன்றாவது. உண்மைதான். 1990களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் பல, காகிதத்தில் வளர்ந்த மரங்களைக் காட்டி நடுத்தர வகுப்பாரின் சேமிப்பைக் கவர்ந்து மறைந்தன. ஆதலால் நாம் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. இளந்தேக்கில் வைரம் குறைவு. இருபது ஆண்டுக்கு முன் வெட்டினால் நல்ல விலை எதிர்பார்க்கலாகாது. மலைவேம்பு விரைவில் பருக்கும். ஆனால் தண்ணீரும் கவனிப்பும் கேட்கும். மரம் குடியானவனுக்கு லாட்டரிச் சீட்டன்று. மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் மெல்ல மெல்லச் சேரும் வைப்பு நிதி என்று அதனைக் கருதவேண்டும். வறட்சியில் கடலை பொய்த்த ஆண்டிலும் வேம்பு நிற்கும்.

நமது ஜில்லாவில் தே. கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி மறைந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் பொருளாதாரத்துக்கு வடிவம் தந்தவர். 1945ஆம் ஆண்டில் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவரது நூல், எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தையும், பேணினால் என்றும் ஊறும் செல்வத்தையும் பிரித்துக் காட்டுகிறது. காட்டு நிர்வாகம் வருமானத்தை நோக்காது மக்களின் தேவையை நோக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பக்கத்திலேயே வாழ்ந்து மறைந்த அப்பெரியாரின் சொல்லை மதுரைச் சீமை மதிக்கிறதா என்பதற்கு இதுவே சோதனை.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பன நான்கு. முதலாவது, சமவெளிப் பட்டா நிலத்தில் குடியானவன் நட்டுப் பதிந்த மரத்துக்கு வெட்டவும் கொண்டு செல்லவும் சீட்டு வேண்டாம் என்று தமிழில், ஒரே பக்கத்தில், எல்லாப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் ஒட்டப்படவேண்டும். இரண்டாவது, ஒத்தக்கடையில் ஒரு மர விற்பனைக்கூடம் வேண்டும். அங்கே கட்டை நேர்மையாக அளக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்தில் விற்கப்படவேண்டும். மூன்றாவது, அதனை ஒட்டியே, தச்சர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு உடைமையாக ஓர் அறுவை ஆலையும் உலர்த்தும் சூளையும் மருந்தூட்டும் தொட்டியும் வேண்டும். கூலி கொடுத்து எந்தப் பட்டறைக்காரனும் தன் மரத்தைப் பக்குவம் செய்துகொள்ளலாம். நான்காவது, அரசுப் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கும் பெஞ்சு, மேசை, அலமாரிகளில் ஒரு பகுதியேனும் இத்தகைய சங்கங்களிடமிருந்தே வாங்கப்படவேண்டும். நிச்சயமான வாங்குவோர் இருந்தால் நடுவோரும் இழைப்போரும் தாமே வருவார்கள்.

இவ்வளவுக்கும் ஒத்தக்கடையைப் போல் பொருத்தமான இடம் எது? கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்த மரம், எத்தனை அடி இடைவெளி, எப்போது கவாத்து என்பதைக் கற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் ஆராய்ச்சி நிலையமும் தேர்ந்தெடுத்த நல்ல கன்றுகளை உண்டாக்கியிருக்கின்றன. அறிவு கல்லூரிக்குள்ளும், நிலம் மேலூர்ச் சீமையிலும், கைத்திறன் சாலையோரப் பட்டறையிலும் தனித்தனியே கிடக்கின்றன. மூன்றும் நாலைந்து மைலுக்குள் இருந்தும் ஒன்றையொன்று அறியவில்லை. இவற்றைச் சேர்த்து வைப்பதற்குக் கோடிக்கணக்கான ரூபாய் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

தூத்துக்குடிப் பூங்கா ஓங்குக என்று நாமும் வாழ்த்துகிறோம். ஆனால் அப்பூங்கா கப்பலை மட்டும் நோக்கியிராமல் மதுரைச் சமவெளியின் பக்கமும் ஒரு வாயில் வைத்திருக்கவேண்டும். அங்கே தொழில் தொடங்கும் ஒவ்வொரு கம்பெனியும், தனக்கு வேண்டிய மரத்தில் இத்தனை பங்கு இத்தனை ஆண்டுக்குள் தமிழ்நாட்டுக் குடியானவரிடம் வாங்குவோம் என்று ஒப்பந்தம் செய்யும்படி சர்க்கார் நிபந்தனை விதிக்கட்டும். நிலம் மலிவாகக் கொடுப்பவருக்கு நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு. 1988ஆம் ஆண்டில் எழுதிய கொள்கையை நிறைவேற்றும்படியே கேட்கிறோம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை வீட்டுக்கு நிலையோ மகளுக்குக் கட்டிலோ செய்ய நினைப்பவர்கள், பர்மாத் தேக்கா என்று கேட்பதற்கு முன், நன்றாக உலர்ந்த வேம்போ வாகையோ உண்டா என்று தச்சரைக் கேளுங்கள். கேட்பவர் பலரானால் உலர்த்தி வைப்பவரும் பலராவர். மழைக்கு முன் வரப்பில் நாலு கன்று ஊன்றுங்கள். அவை பருக்கும் முன்னே சட்டமும் சந்தையும் செம்மைப்படவேண்டும். அதற்காக வாய் திறந்து கேளுங்கள். காடு மலையில் நிற்கட்டும். வைகையில் தண்ணீர் வரட்டும். கட்டில் நமது வரப்பில் விளையட்டும். இதற்குச் சர்க்கார் என்ன விடை சொல்லப் போகிறது என்பதை அறிய ஆவலுடையோம்.